மாமன் எடுத்த துணி

துணியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தையல் ஒழுங்காகத்தான் ஓடியிருந்தது. அடியில் நூல் ஓரிடத்திலும் பிடிக்காமல் வளையம் வளையமாகத் தொங்கியது. விரலை விட்டு லேசாக இழுத்தேன், ஒரு சாண் தையல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. சாதாரணத் துணியாக இருந்தால் இன்னொரு தடவை அடித்துக்கொள்ளலாம். இது பட்டு. ஊசி இறங்கிய இடமெல்லாம் வரிசையாக ஓட்டை நின்றது. மணி பன்னிரண்டரை. அண்ணன் ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிடுவான்.

மறுநாள் காலை என் மகள் கவியாவுக்குக் காது குத்து. தாய்மாமன் எடுத்துக் கொடுத்த துணியை உடுத்தி, அவன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். ஒற்றைப்படை வயதாகவும் இருக்க வேண்டும். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது மூன்றுக்குப் போய், மூன்றும் தாண்டி இப்போது ஐந்து நடக்கிறது. மடி இல்லாமல்தான் தள்ளிப் போனது. ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது உட்கார வைத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் வீரமணி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கூடப் பிறந்தவன் எறையூரில் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அடுத்தவன் மடியில் என் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சண்டையே இந்தத் தையல் மிஷினால் வந்ததுதான். அம்மாவின் மிஷின் இது. அம்மாவுக்குக் கருமாதி முடிந்த அன்று, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இதை மினி லாரியில் ஏற்றினேன். அண்ணிக்குத் தைக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் முருகையன் வாசலில் நின்று, வந்திருந்த சனத்துக்கு முன்னால், இருக்கிறதை அள்ளிக்கொண்டு போகத்தான் வந்தாயா என்று கேட்டான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். சொல்லக்கூடாததைச் சொன்னேன். அப்போது கவியா ஏழு மாதக் கைப்பிள்ளை. அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது.

போன மாதம் நான்தான் போன் செய்தேன். பிள்ளைக்குக் காது குத்தணும், உன் மடி வேணும் என்றேன். வருகிறேன் என்றான். ரெடிமேடாக எடுக்கலாம் என்றால் ஏழு மாதத்துக்கு அப்புறம் பிள்ளையைப் பார்த்ததே இல்லையே, அளவு தெரியாது என்று பட்டுத் துணியாக எடுத்து அரியலூர் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தான். நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஆண்டிமடத்தில் இரண்டு டெய்லர்களிடம் கேட்டேன். முகூர்த்த நேரம், பத்து நாளாகும் என்றார்கள். சரி, வீட்டில் மிஷின் இருக்கிறது, நாமே தைப்போம் என்று உட்கார்ந்தால் இந்த லட்சணம். வேறு துணியோடு பிள்ளை மடியில் உட்கார்ந்தால் அண்ணன் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். காது குத்தி முடிந்ததும் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவான். அப்புறம் சாகும்வரை வரமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

சட்டைக்குத் துணி பற்றாமல் முதுகை இரண்டு துண்டாக வெட்டியிருந்தேன். நடுமுதுகில் சேர்க்கும் அந்தத் தையலைத்தான் முதலில் அடித்தேன். முழுக்கப் பிரித்துவிட்டு, ஊசியைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன். நூலை ஆரம்பத்திலிருந்து கோத்தேன். பழைய நைட்டித் துணியில் ஓட்டிப் பார்த்தபோது சுமாராகப் பிடித்த மாதிரி இருந்தது. நம்பி, பட்டில் இரண்டாம் தடவை அடித்தேன். திருப்பினால் அதே வளையங்கள். இப்போது நடுமுதுகில் இரண்டு வரிசை ஓட்டை. உள்ளே தள்ளி மூன்றாவதாக ஒரு தையல் போட்டு மறைக்கலாம் என்றால் சட்டை பிள்ளைக்குப் பிடிக்கும், மூச்சு விட முடியாது.

வீரமணி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கையால் தைத்தால் என்ன என்று கேட்டார். என் விரல்களை அவருக்கு நீட்டிக் காட்டினேன். எட்டு வருஷமாக முந்திரி உடைக்கிற விரல்கள். கொட்டைத் தோலின் பால் பட்டுப் பட்டு நுனியில் உணர்ச்சி பாதி போய்விட்டது. மெல்லிய ஊசியைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வேறு நம்பர் ஊசி வாங்கப் போனார்.

டெய்லர் அன்பழகனுக்குப் போன் போட்டேன். அடியில் வளையம் விழுகிறது என்று சொன்னதுமே, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபின் கேஸில்தான் கோளாறு, அதன் ஸ்க்ரூவை இறுக்குங்கள் என்றார். இறுக்கினேன். வளையம் போகவில்லை. இன்னும் இறுக்கினேன். கீழ்நூல் அறுந்தது. பாபினில் இருந்த நூலை முழுக்க உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். அடித்தகட்டைத் திறந்து, பல்லில் சிக்கியிருந்த பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்தேன். வீரமணி வாங்கி வந்த மூன்று ஊசிகளையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மறுபடி போன் போட்டால் அன்பழகன் எடுக்கவில்லை. கவியா இரண்டு தடவை வந்து, என் சட்டை ஆச்சா என்று கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது கத்திவிட்டேன். அவள் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பிள்ளை மேல் எரிந்து விழுந்ததில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஒரு பட்டுத் துண்டை வைத்து மறுபடி ஓட்டியபோதுதான் தையல் நெடுக மங்கலாக ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. நூலைத் தொட்டால் பிசுபிசுப்பு. ஊசிப் பக்கம் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தேன். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பூட் கீழேதான் இருந்தது. மேலே நூலை இறுக்கும் டென்ஷன் திருகையும் முழுக்க இறுக்கி வைத்திருந்தேன். அப்படியானால் நூல் வரவே யோசிக்க வேண்டும். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. மேல்நூலைப் பிடிக்க வேண்டிய இரண்டு தட்டும் பிடிக்கவில்லை. மேலே பிடி இல்லாததால்தான் அடியில் வளையம். இரண்டு மணி நேரமாகக் கீழே இருப்பதை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தட்டைப் பிடிக்காமல் செய்தது யார் என்றும் உடனே தெரிந்துவிட்டது. முந்திரிக் கொட்டகையில் கை வெந்து போகாமல் இருக்க விளக்கெண்ணெயில் சாம்பலைக் குழைத்துத் தருவார்கள், பூசிக்கொண்டுதான் உடைக்க உட்காருவோம். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கதவுக் கீல், சைக்கிள் செயின், குதிகால் வெடிப்பு என எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் அதுதான். பத்து நாளைக்கு முன்னால், காது குத்துக்கு மிஷின் வேண்டியிருக்குமே என்று துடைத்தபோது டென்ஷன் தட்டில் துரு தெரிந்தது. மிஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. கைக்கு எட்டிய பாட்டிலில் இருந்து நாலு சொட்டு நானேதான் விட்டேன். அப்புறம் இன்றைக்குத்தான் மிஷின் மூடியைத் திறக்கிறேன். எண்ணெயும் சாம்பலும் பழைய அழுக்கும் சேர்ந்து தட்டுகளுக்கு நடுவே பிசினாக நின்றது. செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது என்னை.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது இப்போது. வீரமணி பைக்கிலிருந்து டியூபைக் கழற்றி அரை டம்ளர் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். துணி நாடாவை அதில் நனைத்து, தட்டுகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். கறுப்பாக வந்தது. ஏழாவது நாடா வெள்ளையாக வந்ததும் புது நூல் கோத்து, பட்டுத் துண்டில் ஓட்டினேன். மேலும் கீழும் ஒரே மாதிரி, கடுகு கடுகாகத் தையல். பழைய ஓட்டைகளுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி முதுகுத் தையலை அடித்தேன். தோளைச் சேர்த்தேன். பக்கம் இரண்டையும் சேர்த்தேன். நடுமுதுகின் இரண்டு பக்கமும் ஓட்டை வரிசை மட்டும் அப்படியே இருந்தது. நகத்தால் நீவிப் பார்த்தேன். ஆவி காட்டிப் பார்த்தேன். போகவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. நாலு மணிகூட ஆகவில்லை. பெரம்பலூரில் முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டதாம். அண்ணனுக்கு முன்மண்டையில் முடி போயிருந்தது. மாப்ள என்று வீரமணியைக் கும்பிட்டான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காராமல் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் கிடந்த துணியைப் பார்த்தான். கையிலிருந்த பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கண்ணாடிக் கவரில் ரோஸ் நிற ரெடிமேட் கவுன் ஒன்று இருந்தது.

“நீ தைக்க மாட்டேன்னு நெனச்சேன்” என்றான். “அனுப்புனத அப்படியே மூலையில போட்டுருப்பன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு குத்துமதிப்பா இத எடுத்தேன். புள்ள ஏதாவது ஒண்ணு போட்டுக்கிட்டு என் மடியில ஒக்காந்தா போதும்னு.”

எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நான் இங்கே பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவன் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி அதே பயத்தோடுதான் வந்திருக்கிறான். அந்தக் கவுனை வாங்கி வைத்துக்கொண்டு பட்டுக் கதையை அப்படியே முடித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முடியவில்லை.

“அண்ணே, உன் துணிய நான் பாழாக்கிட்டேன். முதுவுல ரெண்டு வரிசை ஓட்டை. மிஷினுக்கு வெளக்கெண்ணெய் விட்டது நாந்தான்.”

சட்டையை அவன் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தான். ஓட்டைகள் வழியே வெயில் பொடிப் பொடியாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தான்.

“காது குத்தறப்ப புள்ள முதுவு எங்க இருக்கும்? என் நெஞ்சுல தான சாஞ்சிருக்கும்” என்றான். “யாரு பாக்கப் போறா.”

சொல்லிவிட்டு, முதுகுப் பக்கம் தன்மேல் படுகிற மாதிரி சட்டையைத் திருப்பி நெஞ்சோடு வைத்து, தோள் இரண்டையும் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தான். அதற்கு இன்னும் கை வைத்துத் தைக்கவில்லை. அவ்வளவு பெரிய நெஞ்சில் அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கவியா வெளியே வந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் மூச்சு விட விட ஏறி இறங்கிய தன் சட்டையைப் பார்த்தபடி, மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.