சின்னத்தைச் சுற்றி விடவேண்டிய இடம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு எலக்ட்ரீஷியன். என் வீட்டு மின்விசிறியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார் என்று நினைவு. அன்று கழற்றியது மின்விசிறிதானா, தண்ணீர் மோட்டாரா என்பதே இப்போது உறுதியில்லை. அது போகட்டும். கதையின் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா என்பதும் நினைவில்லை. அதைப் பொறுத்துத்தான் இது எந்த மாதிரிக் கதை என்பதே இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுவர் வெள்ளையாக இருந்தது.' எல்லாச் சுவரும்தான் வெள்ளை. அடித்துவிட்டேன்.

அடுத்து இப்படி: 'அவள் அந்தச் சின்னத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து'

இந்த வாக்கியம் முடியவில்லை. பல நாள் முயன்றேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

2

ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து செயலி ஒன்றைச் செய்தார்கள். சின்னக் கடைகளில் சரக்கு தீர்வதற்கு முன்பே கடைக்காரருக்குச் சொல்லிவிடும் செயலி. உள்ளே ஓடும் மூளை அவனுடையது. முகம் அவளுடையது: நிறங்கள், எழுத்துகள், சரக்கு குறைந்தால் தலையாட்டும் ஒரு பச்சைக் கிளி. பெரிய நிறுவனம் ஒன்றின் செயலிச் சந்தையில் அதை விற்றார்கள். அவர்கள் சோறு அதில்தான் இருந்தது.

அந்தச் சந்தையில் கூட்டாளியாக இருப்பதற்கு விதிகள் உண்டு. உங்கள் செயலியின் பெயர் நிறுவனத்தின் பெயரில் தொடங்கக்கூடாது. 'அவர்களுடன் இணைந்து இயங்குகிறது' என்று போடலாம். 'அவர்கள் வழங்கும்' என்று போடக்கூடாது. அவர்கள் சின்னத்தைச் சாய்க்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது. சின்னத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அதன் உயரத்தில் பாதி அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். அதற்குள் எதுவும் வரக்கூடாது.

(இந்தக் கடைசி விதியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்களைச் சுற்றியும் இப்படி ஓர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால்… வேண்டாம். கதை வேறு பக்கம் போகிறது.)

இரண்டு முறை அவர்கள் செயலி திருப்பி அனுப்பப்பட்டது. முதல் முறை பெயருக்காக. இரண்டாம் முறை கிளிக்காக.

"கிளியோட வால் உள்ள வந்துடுச்சாம்."

"வந்தா என்னவாம்? அவங்க சின்னத்தக் கொத்திடுமா?"

"சிரிக்காதம்மா. இன்னொரு தடவ தப்புன்னா சந்தையிலருந்தே தூக்கிடுவாங்க. அப்புறம் நீயும் நானும் தெருவுலதான்."

அவள் வாலை வெட்டினாள். கிளி கொஞ்ச நாள் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

3

அவன் செய்த தப்பு இதுதான். மூன்றாவது சரிபார்ப்பு வீடியோ அழைப்பில் நடக்கும் என்றார்கள். அழைப்பில் தன் பின்னால் உள்ள சுவர் தெரியும். அங்கே நிறுவனத்தின் சின்னம் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. சின்னதாக இருந்தால் கண்ணில் படாது. ஆள் உயரத்துக்கு ஒட்டுப்படமாக அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டினான்.

ஒட்டிய பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. அது திரைக்கு எழுதிய விதி. பயந்தவனுக்குச் சுவரும் திரைதான். சின்னம் பெரிதானால் விடவேண்டிய இடமும் பெரிதாகும். நாள்காட்டி போனது, கடிகாரம் போனது, கல்யாணப் படம் போனது. கீழ்ப்பக்கம் சுவர் போதவில்லை. மிச்ச இடத்தைத் தரையில் மடித்து அளந்து, சிவப்பு நாடா ஒட்டி எல்லை வைத்தான். அந்த எல்லைக்குள் அவள் படம் வரையும் மேசை இருந்தது. அதைச் சமையலறைக்கு நகர்த்தினார்கள்.

சுவிட்சுப் பலகையை இடம் மாற்ற அவளுடைய அண்ணன் வந்தார். கதை சொன்ன எலக்ட்ரீஷியன் இவர்தான்.

"மாப்பிள்ள, சுவிட்சு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உள்ள வருது மச்சான்."

"எதுக்குள்ள?"

"அதுக்குள்ள."

சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணா, அப்படியே என்னையும் கழட்டி வேற எடத்துல மாட்டிட்டுப் போ. நானும் அடிக்கடி உள்ள வரேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

4

அழைப்பு வந்தது. சரிபார்க்கும் பெண் மரியாதையாகப் பேசினாள். பெயரைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"சார், உங்க பின்னாடி நிக்கிறவங்கள கொஞ்சம் நகரச் சொல்றீங்களா?"

அவன் திரும்பிப் பார்த்தான். சுவர். சின்னம். சுற்றிலும் வெறுமை.

"யாரும் இல்லையே மேடம்."

அந்தப் பெண் மறுபடி அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். "இப்ப சரியா இருக்கு. நகந்துட்டாங்க. அங்கீகாரம் குடுத்துடறேன் சார்."

அவன் துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினான். மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"ஒயரு எடுக்க வந்து நான்தாங்க நின்னேன். நீங்க திரும்பினீங்க. என் மூஞ்சியத்தான் பாத்தீங்க. பாத்துட்டு யாரும் இல்லன்னு சொன்னீங்க."

"சும்மா சொல்லாத."

அவள் அடுப்பை அணைத்தாள்.

5

அதன் பிறகு அவனுக்குப் பொருள்கள் தொலைந்தன. அவள் எல்லைக்குள் வைத்த டம்ளரை வீடெல்லாம் தேடுவான். அவளே போய் அங்கே நின்றால், "எங்க போய்ட்ட?" என்று மாடிப்படி வரை போய்க் கூப்பிடுவான். கையெட்டும் தூரத்திலிருந்து அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்; அவனுக்குக் கேட்காது. முதலில் அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. ஒரு நாள் அங்கே நின்று அழுதாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளியின் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தான்.

அன்று வெளியே வந்து சொன்னாள்: "அதக் கிழிச்சிடுங்க."

"அடுத்த சரிபார்ப்பு முடியட்டும்மா."

"நான் கேக்குறேன்ல."

"கொஞ்சம் பொறுத்துக்க. யாருக்காகப் பண்றேன்?"

(இந்த இடத்தில் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் அவளே கிழிக்கவில்லை? என் வரைவு ஒன்றில் கிழிக்க வைத்தேன். பொருந்தவில்லை. அவள் கிழித்தால் அது கிழிந்த காகிதம், அவ்வளவுதான். அவன் கிழிக்க வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். அண்ணனும் அப்படித்தான் சொன்னார்.)

அவள் தன் பொருள்களை ஒவ்வொன்றாக எல்லைக்குள் கொண்டுபோக ஆரம்பித்தாள். நாற்காலி. வண்ணப்பெட்டி. புடவைகள். எது காணாமல் போனாலும் அது அங்கேதான் இருக்கும் என்று அவனும் பழகிக்கொண்டான். பிறகு ஒரு நாள் அவளும் வெளியே வரவில்லை.

"கோவமா உள்ள உக்காந்திருக்கா மச்சான்," என்று அண்ணனிடம் போனில் சொன்னான்.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவன் நாடாவைத் தாண்டிக் காலை உள்ளே வைக்கிறான். உடனே அவனும் இல்லை. (மலிவு.)

அண்ணன் வந்து ஒட்டுப்படத்தை உரிக்கிறார். அடியில் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. அந்த வெளுப்பைச் சுற்றியும் இடம் விடுகிறான் அவன். (நெருங்கி வந்தேன்.)

உள்ளே அவள் படம் வரைந்துகொண்டு, தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்து

இதுவும் முடியவில்லை. அந்த எல்லைக்குள் அவளை வைத்து நான் எழுதத் தொடங்கிய வாக்கியங்கள் இரண்டுமே பாதியில் நின்றுவிட்டன. என் மொழிக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்தேன். அதனால் ஓர் இடம் விடுகிறேன். உங்களால் முடிந்தால் அவளை அதில் உட்கார வையுங்கள்.

[                                                            ]

முடியவில்லை அல்லவா? காரணத்தை எலக்ட்ரீஷியன் கடைசியில்தான் சொன்னார். நானும் கடைசியில் சொல்கிறேன்.

செயலி இன்னும் சந்தையில் இருக்கிறது. நன்றாக விற்கிறது. கிளிக்கு வால் வரவில்லை. ஒட்டுப்படமும் சுவரில் இருக்கிறது. அடுத்த சரிபார்ப்பு முடிந்ததும் கிழித்துவிடுவதாக அவன் காலியிடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாடாவை அவன் தாண்டியதில்லை. அண்ணன் விடுமுறை நாள்களில் போய் அவனுடன் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியறாள்ல மச்சான்? என்ன சொல்றா?"

அண்ணன் சுவர்ப்பக்கம் பார்ப்பார். "சாப்பிட்டீங்களான்னு கேக்குறா."

அவன் சாப்பிடப் போவான்.

அவள் வேறோர் ஊரில் ஓர் அச்சகத்தில் படம் வரைகிறாள். நாற்காலியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரோரமாக நடந்து வாசல் வழியாகப் போனாள். போய் வெகுகாலம் ஆகிறது.