பட்டியலில் இல்லாத பாடம்

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தை இரண்டாம் முறை படிக்க ஆரம்பித்தபோதே சந்திரமௌலி ஜன்னலை நெருங்கிக் குனிந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஜூன் மாதத்துக் கூட்டம். வரிசை முழுக்க ஈரக் குடைகள். பக்கத்தில் மகள் ஷ்யாமளா சான்றிதழ்களை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

குமாஸ்தாவின் பெயர் சுப்ரமணியன். அந்த அயலூரில் அவரும் தமிழர் என்று தெரிந்ததும் வந்த தெம்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“சார், இவ வாங்கியிருக்கறது சங்கீத டிகிரி. பி.எட்.டுக்கு ஸ்கூல்ல நடத்தற சப்ஜெக்ட் ரெண்டு வேணும். கணக்கு, சயன்ஸ், சரித்திரம், ஏதாவது பாஷை. லிஸ்ட்ல மியூசிக் கிடையாது.”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்.”

“பாத்தேன். இன்டர் சயன்ஸ்லயும் ஃபர்ஸ்ட் கிளாஸ். பி.எஸ்ஸி. முடிச்சிருந்தா இன்னிக்கே சீட் குடுத்திருப்பா. ஏன் சார் மாத்தினேள்?”

சந்திரமௌலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன், டிகிரிக்கு முந்தைய இன்டர் பரீட்சை ரிசல்ட் வந்த வாரம், அவர் மனைவி அபயாம்பாள் பக்கவாதத்தில் விழுந்தாள். மாதுங்கா வீட்டில் அவளைத் திருப்பிப் படுக்கவைக்கவும் கஞ்சி புகட்டவும் ஆள் வேண்டியிருந்தது. பி.எஸ்ஸி.க்கு மாலை ஐந்து வரை லாப். சங்கீதத்துக்குக் காலை வகுப்போடு சரி. பதினோரு மணிக்குப் பெண் வீட்டில் இருப்பாள். ஷ்யாமளாவுக்குக் கெமிஸ்ட்ரி என்றால் உயிர். பாட்டு, நவராத்திரிக்குக் கூப்பிட்டால் பாடுகிற அளவுதான். எதுவானாலும் டிகிரிதானே என்று அவரே படிவத்தை நிரப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வருகிற மார்ச்சில் அவருக்கு ரிடையர்மென்ட். பி.எட்.டும் காலை வகுப்புதான்; அதை முடித்தால் வேலை தருவதாகச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

“பிரின்சிபாலைப் பாக்கலாமா?”

“பாருங்கோ. அவரும் இதே காகிதத்தைத்தான் காட்டுவார்.”

பார்த்தார்கள். அவர் உட்காரச் சொன்னார், மிகவும் வருத்தப்பட்டார், அதே காகிதத்தைக் காட்டினார்.

மாடிப்படி இறங்கும்போது சந்திரமௌலி, “பி.எஸ்ஸி. சேந்துடேன். ரெண்டு வருஷம்தானே” என்றார்.

“அப்புறம் பி.எட். ஒரு வருஷம். மார்ச் வரைக்கும் அம்மாவ யாருப்பா பாத்துப்பா? அப்புறம் சம்பளத்துக்கு என்ன பண்றது?”

எதிரே ஏறி வந்த இரண்டு பெண்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

“என்னைத் திட்டேன்டி.”

“எதுக்கு? நானும்தான் அன்னிக்கு வாயத் திறக்கல.” கடைசிப் படியில் நின்று புடவை ஓரத்தைப் பிழிந்தாள். “மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் ஒத்துண்டிருப்பேள்.”

ஒத்துக்கொண்டிருப்பாரா என்று அவருக்கே தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மழை வலுத்தது. அபயாம்பாளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். மணி பன்னிரண்டே முக்கால். வந்த பஸ்ஸில் படிவரை ஆட்கள் தொங்கினார்கள். “நீ போ, நீ போ” என்று சந்திரமௌலி மகளை முதுகில் கைவைத்து உள்ளே ஏற்றினார். அவர் காலை வைப்பதற்குள் கண்டக்டர் மணியடித்துவிட்டார்.

பின்பக்க ஜன்னலில் ஷ்யாமளாவின் முகம் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால், படிவம் நிரப்பிய அன்று திறக்காத வாய் அசைந்தது. அவர் நடைபாதையோடு நாலடி ஓடி, “என்னம்மா? என்ன?” என்று கத்தினார். அவள் மறுபடியும் எதையோ சொன்னாள்; மழை இரைச்சலில் அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு திரும்பியது.