யாராவது பயன்படுத்துகிறீர்களா?

நாசரேத்தில் பூர்வீகம், தூத்துக்குடியில் சொந்த வீடு, கோயில் கமிட்டியில் இருமுறை பதவி. இத்தனை இருந்தும் அருமைநாயகத்தின் பெயர் கடல் தாண்டிப் போயிருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. உள்ளே ஓடும் கணினிக்கு வட்டு என்பது வெறும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பை ஆளுக்கொரு வடிவத்தில் செய்துவைத்திருந்தார்கள். அவற்றில் ஒரு பழைய வடிவத்தைத் திறந்து படிக்கும் புரோகிராமை இருபது வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தவர் அவர். கூலி கிடையாது. அதன் முதல் வரியில் 'யோ. அருமைநாயகம்' என்று இருந்தது, அவ்வளவுதான். 'யோ' அவருடைய அப்பா யோசுவா வாத்தியார்.

ஒரு காலை, மென்பொருள் வேலை பார்க்கும் மருமகள் ஜெனிலா மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

"மாமா, உங்க புரோகிராமைத் தூக்கப் போறாங்களாம்."

அந்த மென்பொருளைப் பராமரிக்கும் கூட்டத்தின் வழக்கப்படி எதையும் ஊரறியக் கேட்காமல் நீக்க மாட்டார்கள். கேட்டிருந்தார்கள்: 'இந்த வடிவத்தை யாராவது பயன்படுத்துகிறீர்களா? மாத முடிவுக்குள் ஒருவரும் சொல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்.'

"எழுதினவன் உயிரோட இருக்கும்போதேவா?"

"நீங்களே பயன்படுத்துறேன்னு ஒரு வரி போட்டுருங்களேன்."

"பொய் சொல்லச் சொல்லுதியா? என் பேரு போனாப் போவுது. அப்பா பேரும் சேர்ந்துல்லா போவுது!"

நிஜமாகவே பயன்படுத்தும் ஆள் ஒருவன் வேண்டும். உலகத்தில் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான் இருந்தான். சித்தப்பா மகன் ஜெபசிங். வேம்பார் சாலையில் உப்பளம் வைத்திருக்கிறான். அவனுடைய எடைமேடைக் கணினி செத்தபோது, அதில் இருந்ததை அப்படியே அள்ளி அந்தப் பழைய வடிவத்தில் போட்டு ஓடவைத்தவர் அருமைநாயகம்தான். அதற்குக் கைம்மாறாக, கோயில் அசன விருந்தில் ஜெபசிங் அவரை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

இஸ்திரி போட்ட சட்டையில் மேல்பொத்தான் வரை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். எடைமேடையில் லாரிகள் வரிசையாக நின்றன.

"வாங்க அண்ணாச்சி," என்று ஜெபசிங் நாற்காலியைத் தட்டிப் போட்டான். "இது முதல் பந்திதான். தைரியமா உக்காருங்க."

"நான் உக்கார வரல. ஏலே, அந்த எடை புரோகிராம் ஓடுதா?"

"எங்க ஓடுது? தவழுது. லாரி கூடிச்சுன்னா படுத்துரும். டிரைவர்மாரு உங்களைத்தான் ஏசுதானுவ."

"என்னை அவனுவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பேரைச் சொல்லிக்குடுத்தேன்."

அருமைநாயகம் விஷயத்தைச் சொன்னார். ஜெபசிங் கன்னத்தைச் சொறிந்தான். "எழுதுதேன். ஆனா 'ஜெபசிங், எனக்கு ஒரு உதவி செய்யி'ன்னு ஒரு தடவை உங்க வாயால வரட்டும்."

அருமைநாயகம் வெளியே உப்புக்குவியலைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார்.

"உப்புக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்கல."

முகத்தைத் திருப்பி இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலமே ஜெபசிங் உலகத்துக்கு எழுதிவிட்டான்: 'ஐயா, நான் ஒருவன் பயன்படுத்துகிறேன். அடிக்கடி நின்றுபோகும். எழுதியவர் என் பெரியப்பா மகன். பிடிவாதக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. தயவுசெய்து நீக்காதீர்கள்.'

பல தேசங்களிலிருந்து பதில்கள் வந்தன. எல்லாரும் இரக்கப்பட்டது வடிவத்துக்காக அல்ல, ஜெபசிங்குக்காக. ஒரு புண்ணியவான் ஒற்றைவரிக் கட்டளை ஒன்றை அனுப்பியிருந்தார். அதை ஒருமுறை அடித்தால் பழைய கோப்பு புதிய வடிவத்துக்கு மாறிவிடும்.

மறுநாள் ஜெபசிங் போனில் கத்தினான். "அண்ணாச்சி, பறக்குது! லாரி நிக்கவே இல்ல!"

"யாரைக் கேட்டுலே அடிச்ச?"

"என் உப்பு, என் கம்ப்யூட்டர். யாரைக் கேக்கணும்?"

"இருந்த ஒரே ஆளும் நீதாம்லே!"

போனை வைத்தவரிடம் ஜெனிலா மெதுவாகச் சொன்னாள். "மாமா, அந்தக் கட்டளை உங்க புரோகிராமை வச்சுத்தான் பழசைப் படிச்சிருக்கு. ஒரு எடைகூட மாறல."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்போ அதுக்கு வேலை முடிஞ்சுது. நானே எடுத்துருதேன். எவனோ ஒருத்தன் வந்து எங்கப்பா பேரை அழிக்கக் கூடாது."

முதுகு வளையாமல் உட்கார்ந்து, தன் புரோகிராமைத் தானே வரிவரியாக நீக்கி அனுப்பினார். எழுதிக் கொடுத்தபோது ஒரு நன்றிகூட வராத இடத்திலிருந்து, அழித்ததற்குப் பாராட்டு குவிந்தது. இவ்வளவு சுத்தமான நீக்கத்தைக் கண்டதில்லை என்றார் ஒருவர். ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும், இனி என்றைக்கும் அழியாத வரலாற்றுப் பதிவில், நீக்கியவர் யோ. அருமைநாயகம் என்று ஏறியது. அதை ஜெனிலாவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. இன்னொரு பழைய வடிவம் கேட்பாரற்றுக் கிடக்கிறது; ஐயாவின் கையாலேயே அதையும் நீக்கித் தர முடியுமா?

"எழுதினது யாரு?" என்றார் அருமைநாயகம்.

"யாரோ ஹங்கேரிக்காரர், மாமா. பல வருஷமா ஆளையே காணோம்."

"முதல்ல அவங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களான்னு எழுதிக் கேளு. சொல்லாமக் கொள்ளாம நாம கைவைக்கப்பிடாது."