ஜெசிந்தாவின் கோடு

நனைந்த பஞ்சுருண்டை போல ஒரு வெளிச்சம், ஓரம் இல்லாமல், கொம்பு இல்லாமல், குழாயின் இருட்டுக்குள் மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது, அதுதான் நிலா, நான்காம் பிறை, வெறுங்கண்ணால் பார்த்தால் உப்பளத்துக்கு மேலே அரிவாள் நுனியாய்க் கூர்ந்து நிற்பது, இந்தத் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லைக்குள் மட்டும் இப்படிக் கரைந்து கிடக்கிறது, என் பெருவிரல் குமிழின் மேல் இருக்கிறது, கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினால் போதும், பள்ளங்களும் மலைநிழல்களும் கத்தியால் கீறியதுபோல் எழுந்து வந்துவிடும், திருப்பாமல் நிற்கிறேன், பதினெட்டு மாதங்களாகத் திருப்பாமல்தான் நிற்கிறேன், ஏனென்றால் இந்தக் குமிழை இந்த இடத்தில் கடைசியாக நிறுத்தியவள் ஜெசிந்தா, என் மனைவி, இது அவள் கண்ணுக்கு வைத்த இடம், அந்தக் கண் இப்போது இல்லை.

இன்று திருப்பியாக வேண்டும், கண்ணருகு வில்லையைத் தாங்கி உள்ளும் புறமும் நகரும் இந்தச் சின்ன எஃகுக் குழாயைத் துறைமுகப் பட்டறையில் நானே கடைந்தேன், தூத்துக்குடிக் காற்று அதன் மேல் செம்பொட்டு செம்பொட்டாகத் துருவை வைத்துக்கொண்டிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்காவிட்டால் இறுகிவிடும், தேய்த்தாலோ அதன் மேல் நான் தீட்டிய வெள்ளைப் பட்டையும் பட்டையில் இருக்கும் பென்சில் கோடுகளும் போய்விடும், காலடியில் மண்ணெண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது, பழைய பனியனைக் கிழித்த துணி இருக்கிறது, ஏழு மணிக் கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை, அடிப்பதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், நேற்றும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கோடு போட்ட மாலையில் அவள் மொட்டைமாடியில் இதே இடத்தில் நிற்கிறாள், தோளில் அளவு நாடா, விரலில் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் சிவப்பு நூல், எங்கள் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது, நிலா நமக்காக நிற்காது, நான் பார்த்து விலகி அவள் வந்து குனிந்து குமிழைத் தேடித் திருப்பித் தெளிவைப் பிடிப்பதற்குள் அது விளிம்பைத் தாண்டி ஓடிவிடும், ஒருவர் கண்ணுக்குத் தெளிந்தது மற்றவர் கண்ணுக்குச் சற்றே மங்கும், அதனால் எனக்கு ஒரு கோடு, அவளுக்கு ஒரு கோடு, குழாயைக் கோட்டில் நிறுத்திவிட்டால் தேட வேண்டாம், நல்லாருக்கே, வீட்ல தட்டு டம்ளர் எல்லாம் பொது, நெலாவுக்கு மட்டும் ஆளுக்கொரு கோடா, என்று சிரிக்கிறாள், இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இடைவெளி, பரவால்லயே, இம்புட்டுப் பக்கத்துலயா நாம இருக்கோம், என்று குனிந்து பார்க்கிறாள், இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலக்கண்ணை வில்லையில் வைக்கிறாள், எப்போதும் வலக்கண்தான், ஊசியில் நூல் கோக்கும்போதும் தெருவில் நடக்கும்போதும் இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும், இங்கே மட்டும்தான் அந்த வலக்கண் தனியாக நிற்கும், அதை அப்போது நான் யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டியவன் நான்.

வைகாசியில் ஒரு மாலை, ஏங்க, கோட்டுலதான் வச்சிருக்கேன், மங்கலா இருக்கு, நீங்க எதையும் தொட்டீயளா, இல்லையே, சரி விடுங்க, என்று தானே திருப்பித் தெளிவைப் பிடித்தாள், குழாய் ஒரு நூலளவு வெளியே வந்து நின்றது, புதுக் கோடு போட்டேன், ஆனியில் இன்னொன்று, ஆடியில் இன்னொன்று, இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்த்தவன் நான், எனக்கு ஒரு விதி உண்டு, ஓட்டுகிறவன் புகார் சொன்னால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகி, மேற்பார்வையாளர்கள் தலைகீழாகச் செய்வார்கள், குடித்திருந்தான் என்பார்கள், தூங்கிவிட்டான் என்பார்கள், நான் பற்சக்கரத்தைத் திறந்து பார்ப்பேன், பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும், அந்த விதியைத்தான் ஜெசிந்தாவுக்கும் கொடுத்தேன், அவளை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை, குமிழுக்கு அடியிலிருந்த பற்சட்டத்தைக் கழற்றினேன், மசகு மாற்றினேன், தளர்ந்த திருகை இறுக்கினேன், ஆவணியில் கோடு மறுபடி நகர்ந்தது, ஒருவேளை என் கண்ணுதான் கோளாறோ என்னவோ, என்றாள், உன் கண்ணுல ஒரு கொறையும் இல்ல ஜெசி, சட்டத்துலதான் பல்லு தேஞ்சிருக்கு, என்றேன், அப்பச் சரி, வைத்தியர் வீட்டுக்குள்ளயே இருக்கும்போது நான் எதுக்கு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கணும், என்று கீழே இறங்கிப்போனாள், படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, அடியை எட்டவில்லை.

ஒன்பது கோடுகள், தையோடு நின்றுவிட்டன, புதிய சட்டம் கடைந்து பொருத்தியிருந்தேன், நல்லாத் தெரியுதா, நல்லாத் தெரியுது, மாசியில், நல்லாத் தெரியுதா, நல்லாத் தெரியுது, பங்குனியிலும் அதே பதில், வென்றுவிட்டேன் என்று ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்தேன், அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இப்பவாவது அந்தக் குழாயை நிம்மதியா இருக்க விடுவீயளா, என்று கேட்டாள், மக்ரூன் நாவில் கரைவதுபோல அவள் குரலும் கரைந்தது, அதை மகிழ்ச்சி என்று எண்ணினேன்.

சித்திரையில் அவள் வலக்கண் முன்னால் பிதுங்கத் தொடங்கியது, மதுரை மருத்துவமனைக்குப் போனோம், ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு அந்த இளம் மருத்துவர் பென்சில் நுனியால் காட்டினார், கட்டி கண்ணுக்குப் பின்னாடி இருந்து தள்ளுதும்மா, தள்ளத் தள்ளப் பின்சுவரு தட்டையாயிருச்சு, கண்ணோட பவர் கொஞ்சங் கொஞ்சமா நகர்ந்துருக்கும், எப்பயிருந்து மங்கல்னு ஞாபகம் இருக்கா, ஜெசிந்தா யோசித்து, ஒரு நாலு மாசமா இருக்கும் டாக்டர், என்றாள், மருத்துவர் எழுதிக்கொண்டார், நான் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாலு மாதமில்லை, வைகாசி, என்னிடம் கோடு இருக்கிறது, மாதத்துக்கு ஒன்றாக ஒன்பது, நகர்ந்ததெல்லாம் சேர்ந்தால் ஒரு நெல்மணியின் தடிமன், அவள் கண்ணுக்குப் பின்னால் வளர்ந்ததை நான் என் கையால் அளந்து அளந்து குறித்திருக்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மற்றதும் புரிந்தது, பல் தேய்ந்திருந்தால் என் கோடும் நகர்ந்திருக்க வேண்டும், என் கோடு ஒருநாளும் நகரவில்லை, அது பக்கத்திலேயே இருந்தது, ஒவ்வொரு மாலையும் அதைப் பார்த்திருந்தேன், பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன்கூட முதலில் அதைத்தான் கேட்டிருப்பான். முன்பே வந்திருந்தால் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை, கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

ஆடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மருத்துவமனைக் கட்டிலில், அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது, என்றாள், சொல்லு, கடேசி மூணு மாசம் அதுல எனக்கு ஒண்ணுமே தெரியல, எங்க திருப்புனாலும் ஒரே வெள்ளை, தெரியலன்னு சொன்னா மறுபடி ஸ்க்ரூடிரைவரத் தூக்கிருவீயளேன்னுதான் நல்லாத் தெரியுதுன்னேன், பாவம், எத்தனை தடவதான் கழட்டுவீய, என்று சிரித்தாள், சிரிப்பில் கட்டு நனைந்தது, அது என்னுடைய முறை, நானும் ஒன்று சொல்ல வேண்டிய முறை, ஒன்பது கோடுகளைப் பற்றி, வாயைத் திறந்தேன், தண்ணி வேணுமா ஜெசி, என்று கேட்டேன், வேணாம், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, என்றாள், போனேன், சாப்பிட்டேன், அதற்குப் பின் அவள் பேசிய நாட்கள் குறைவு, எந்த நாளிலும் நான் சொல்லவில்லை, ஆடியில் அவளை அடக்கம் செய்த மண் ஈரமாகக்கூட இல்லை.

மணி அடிக்கிறது, பூட்டுத் திருகைத் தளர்த்துகிறேன், பெருவிரல் குமிழை உள்நோக்கித் தள்ளுகிறது, துரு முனகிக்கொண்டு வழிவிடுகிறது, தைக் கோடு மறைகிறது, அது அவளுக்கு எதையும் காட்டாத கோடு, மார்கழி, கார்த்திகை, பஞ்சுருண்டை மெல்லச் சுருங்குகிறது, ஐப்பசி, புரட்டாசி, வெளிச்சத்துக்கு ஓரம் கட்டுகிறது, ஆவணி, உன் கண்ணுல ஒரு கொறையும் இல்ல ஜெசி, ஆடி, ஆனி, இரண்டு கொம்புகள் முளைக்கின்றன, வைகாசி, நான் கேட்டிருக்க வேண்டிய மாலை, அதையும் தாண்டி அவளுடைய முதல் கோடு, அங்கே நிறுத்துகிறேன், மலைகள் இருக்கின்றன, பள்ளங்கள் இருக்கின்றன, எல்லாவற்றின் மேலும் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மென்மை, என் கோட்டுக்கு இன்னும் ஒரு மயிரிழை பாக்கி, அந்த மயிரிழையை நான் திருப்பவில்லை, நலமாயிருந்த ஒரு கண் இங்கே நின்று இந்த நிலாவைப் பார்த்தது, பூட்டுத் திருகை இறுக்குகிறேன், கிண்ணத்து மண்ணெண்ணெயைத் தகரத்தில் திரும்ப ஊற்றி மூடுகிறேன், மழை வரட்டும், உப்புக்காற்று வரட்டும், துரு இந்தக் குழாயை இந்த இடத்திலேயே பற்றி இறுக்கட்டும், வாழ்நாளில் எந்த இயந்திரத்தையும் இறுகவிடாதவன் இதை விட்டுவிடுகிறேன், மறுபடி குனிகிறேன், இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன், நல்லாத் தெரியுதா, என்று கேட்பது என் குரல்தான், ஓரம் சற்றே கலைந்த பிறை வில்லையின் விளிம்பை நோக்கி நழுவுகிறது, நல்லாத் தெரியுது, என்கிறேன்.