ஒரு வரி மேலே

நாற்பத்து நான்கு வயதாகி, முன்னந்தலை வழுக்கையாகி, மூக்குக் கண்ணாடியும் வந்துவிட்ட ஒரு மனிதரை ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பி, தம்பி என்று கூப்பிடுகிறதென்றால் அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம்: கிளை ஆஸ்பத்திரியின் பதிவறை அக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கணினிப் பிரிவில் சேர்ந்த வாரம், அந்த அக்கா போனில் அப்படிக் கூப்பிட்டார். அது ஒட்டிக்கொண்டது. முடி போனது, தம்பி போகவில்லை.

அந்தத் தம்பியின் மேஜைக்குத்தான் செவ்வாய்க்கிழமை காலையில் வினை வந்தது.

தணிக்கைக்கு வந்திருந்த அம்மாள் அவருடைய திரையில் பேனாவை வைத்து, "இது என்ன?" என்றார்.

திரையில் பயனர் பட்டியல் விரிந்திருந்தது. உச்சியில் மொத்த ஆஸ்பத்திரி. அதற்குக் கீழே கிளைக்கு ஒரு பிரிவு, அதற்குள் அங்கே வேலை செய்கிறவர்களின் கணக்குகள். யாராவது பாஸ்வேர்டை ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும்; அரை மணி நேரம் கழித்துத்தான் தானாகத் திறக்கும். அதை உடனே திறந்துவிடும் அதிகாரத்தைக் கிளைக்கு மட்டும் அக்காவிடம் கொடுத்திருந்தார் தம்பி. கொடுத்ததாகத்தான் இத்தனை நாள் நினைப்பு. மவுஸைக் கிளையின் பெயர் மேல் வைப்பதற்குப் பதில் ஒரு வரி மேலே, உச்சியில் வைத்து அழுத்தித் தொலைத்திருக்கிறார். இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை யார் கணக்கை வேண்டுமானாலும் அக்கா திறக்கலாம். பதினோரு வருஷமாகத் திறக்கலாம்!

"கிளைக்கு வெளியே ஒரு தடவையாவது அவங்க இதைப் பயன்படுத்தியிருந்தா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார் தணிக்கை அம்மாள். "எழுதினா வேலையே போகலாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

சர்வர் மூன்று மாதத்துப் பதிவுகளைத்தான் வைத்திருக்கும். அதில் ஒன்றுமில்லை. மீதிக்கு ஒரே கதி, திறக்கும்போதெல்லாம் அக்கா எழுதி வைக்கிற நோட்டு. தம்பி பஸ் ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனசு பின்னால் ஓடிவிட்டது. அந்த நாளில் காலை எட்டு மணிக்கே கிளையிலிருந்து போன் அடிக்கத் தொடங்கும். நர்ஸ் மறந்துவிட்டார், டாக்டர் மறந்துவிட்டார், எக்ஸ்ரேக்காரர் மறுபடியும் மறந்துவிட்டார். பேசுவது எப்போதும் அக்காதான். "தம்பி, இன்னைக்கு யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று பந்தயம் வேறு. முக்கால்வாசி நாள் எக்ஸ்ரேக்காரர்தான். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் ஒரு நாள் நேரிலேயே போய், ஆடுகிற நாற்காலியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார். பழைய ஃபைல் வாசனை, மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி, பிளாஸ்க் மூடியில் அக்கா ஊற்றிக் கொடுத்த டீ. பேச்சு சுவாரசியத்தில் மவுஸ் எங்கே நின்றது என்று யார் பார்த்தார்கள்! "திறந்தா எழுதி வைக்கணும் அக்கா. யாருக்கு, எப்ப, ஏன்" என்று மட்டும் கறாராகச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து காலை போன் நின்றது. நிம்மதி என்று ஊரெல்லாம் சொன்னார். உள்ளுக்குள் அந்தக் குரலுக்காக ஏங்கியது அவருக்குத்தான் தெரியும்.

பதிவறையில் அக்கா நோட்டுகளை அடுக்கியே வைத்திருந்தார். ஆறு நோட்டுகள். தலை நரைத்திருந்தது, மின்விசிறி மட்டும் மாறவேயில்லை.

"நீங்க எதுக்கு வர்றீங்கன்னு மூணு பேர் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க தம்பி. முதல் நோட்டு, ஒன்பதாம் பக்கம். மத்ததெல்லாம் கிளை ஆளுங்கதான். தேடிக் கஷ்டப்படாதீங்க."

தம்பி புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில், எக்ஸ்ரேக்காரருக்கும் எக்ஸ்ரேக்காரருக்கும் நடுவில், அவருடைய பெயரே இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'பாவம், பயந்துட்டாங்க' என்று எழுதியிருந்தது.

அந்த நாள் அவருக்கு மறக்குமா? வேலை நிரந்தரமாவதற்கு முன், இயக்குநர் முன்னால் புது அமைப்பை இயக்கிக் காட்ட வேண்டிய நாள். சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ மனைவிக்கு ஏழாம் மாதம். பதற்றத்தில் ஐந்து தடவை தப்பாக அடித்து, கணக்கு பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கக்கூடிய பொது நிர்வாகக் கணக்கு சர்வர் அறையில் மட்டும்தான் வேலை செய்யும். அந்த அறையின் சாவி மேலாளர் பையில், மேலாளர் வெளியூரில். எதற்கோ அக்கா போன் பண்ண, தம்பி அழாத குறையாகக் கொட்டிவிட்டார். "ஒரு நிமிஷம் இருங்க" என்றார் அக்கா. அப்புறம், "தண்ணி குடிச்சிட்டு, நிதானமா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க தம்பி" என்றார். போட்டார். திறந்துகொண்டது!

அன்றிலிருந்து புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களைப் பிடித்து வைத்து இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். அக்காவின் வாய் முகூர்த்தம் கணினிக்கே கேட்கும் என்பார். அரை மணி நேரப் பூட்டு இரண்டு நிமிஷத்தில் எப்படித் திறந்தது என்று கணினிக்காரருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தப்பிப் பிழைத்தவன் எங்கே கடிகாரத்தைப் பார்த்தான்!

"நீங்களா அக்கா?"

"முடியாதுன்னு நினைச்சுத்தான் அழுத்திப் பார்த்தேன். முடிஞ்சிடுச்சு. அப்பவே தெரிஞ்சுது, நீங்க எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்கன்னு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களுக்கு வேலை நிரந்தரமாகியிருக்குமா? அப்புறமா சொல்லலாம்னு பார்த்தா, நீங்க அந்தக் கதையை அவ்வளவு ஆசையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறீங்க. கெடுக்க மனசு வரலை தம்பி."

தம்பியின் கை தானாக அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தது. ஒரே ஒரு தாள்.

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எழுதி வைங்கன்னு சொன்னது நீங்கதான். இப்ப நீங்களே கிழிப்பீங்களா? வேலை போகுதுன்னா போகட்டும், வீட்டுல தூங்கிக்கறேன்."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

நோட்டோடு திரும்பி வந்து தம்பி தன் அறிக்கையை நாலே வரியில் எழுதினார். தப்பான இடத்தில் அதிகாரம் கொடுத்தது நான். அதை வைத்துக் கிளைக்கு வெளியே திறக்கப்பட்ட ஒரே கணக்கு என்னுடையது. கேட்டு அழுதவனும் நான். தண்டனை எதுவானாலும் எனக்கே வர வேண்டும்.

தணிக்கை அம்மாள் அறிக்கையை இரண்டு தடவையும், நோட்டின் ஒன்பதாம் பக்கத்தை மூன்று தடவையும் படித்தார்.

"இயக்குநர் கணக்கு கையில இருந்தும் பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதையும் எழுதி வெச்சிருக்காங்க" என்றார். "அவங்களுக்கு எச்சரிக்கையோட விடச் சொல்லி எழுதறேன். ஆனா உங்க ஃபைல்ல இது ஏறும்."

"ஏறட்டும்மா."

"சரி, உச்சியில இருக்கிற அதிகாரத்தை எடுங்க. எடுத்தாச்சுன்னு நான் கண்ணால பார்க்கணும். ஒரு சோதனைக் கணக்கு போடுங்க."

அதிகாரத்தை எடுத்தார். கிளையை மட்டும், பெயரின் மேல் விரலை வைத்து வாசித்துவிட்டு, அக்காவிடமே திரும்பக் கொடுத்தார். சோதனைக் கணக்கு போடவில்லை. தன் கணக்கிலேயே வேண்டுமென்று ஐந்து தடவை தப்பாக அடித்துப் பூட்டிவிட்டு, கிளைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா, என் கணக்கைத் திறந்து பாருங்க."

அந்தப் பக்கம் மின்விசிறி கடகடத்தது. "அனுமதி இல்லைங்குது தம்பி" என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

தணிக்கை அம்மாள் ஒரு டிக் போட்டார். "ஆச்சு. போய் சர்வர் அறையில உங்க கணக்கைத் திறந்துக்கோங்க."

சர்வர் அறைச் சாவி இப்போது தம்பியின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இருக்கீங்களா?" என்றார் அக்கா. "தண்ணி குடிச்சிட்டு, நிதானமா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

தம்பி தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, சரியாக அடித்தார்.

"திறக்கலை அக்கா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கத் தம்பிக்குக் கண் நிறைந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அரை மணி நேரம் ஆகும் அக்கா."

"ஆகட்டுமே" என்றார் அக்கா. "நான் போனை வைக்கலை."