இடது விலா

லைல் ஹோல்கம் திரையில் ஓடிய படத்தைச் சட்டென்று நிறுத்தினார். எதற்கு நிறுத்தினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் பயிற்சி தருகிற பெல்கர் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர்கள் நாற்காலிகளில் சரிந்து கிடந்தார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைக் காகிதக் கோப்பையில் துப்புகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சனிக்கிழமை மோதப்போகும் எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக், பந்தைக் காதோரம் தூக்கியபடி திரையில் உறைந்து நின்றான். வெஸ்லி. அவருடைய மகன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிக்கு அவன் போனபோது ஊரே சிரித்தது. இங்கேயே ஆடு என்று லைல் கேட்டதற்கு, "உங்க கத்தல வீட்ல கேட்டதே போதும்ப்பா" என்றுவிட்டான். அதிலிருந்து இந்த ஆட்டம் வரும் வாரமெல்லாம் முடிவெட்டுகிற கடையில் ஒரே கேள்விதான். "லைல், உம் பையனைத் தரையில சாய்ப்பியா, இல்ல முத்தம் குடுத்து அனுப்புவியா?" அவரும் சிரித்து வைப்பார். இந்த வாரம் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை.

காரணம் அவர் மனைவி நோரீன். சமையலறையில் இலவங்கப்பட்டை ரொட்டிக்கு மாவை உருட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வெஸுக்கு இடது விலாவுல விரிசலாம். போன ஆட்டத்துல விழுந்த அடி. அவன் கோச்சுக்கே சொல்லல. இந்த மேட்சைப் பாக்கப் பெரிய டீம்லேர்ந்து ஆள் எடுக்கறவங்க வராங்களாம், அதான்." மாவைத் திருப்பிப் போட்டு ஓங்கி அழுத்தினாள். "இதை அவன் அப்பாகிட்ட சொல்றேன். பெல்கர் கோச்சுகிட்ட இல்ல."

"ரெண்டு பேருக்கும் இருக்கறது ஒரே காதுதான் நோரீன்."

அன்றிலிருந்து அவருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அறுவடை வண்டிகள் கிளப்பிய சோளத் தூசி ஊர் முழுக்கப் பறந்தது. கண் எரிந்தால் அதன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

இப்போது திரைக்கு முன்னால் நின்று பேசினார். "இவனுக்குக் கை வேகம். கண்ணு அதைவிட வேகம். முதல்ல எங்க பாக்கறானோ அங்க எறிய மாட்டான். அதனால அவன் கண்ணைப் பாத்து ஓடாதீங்க, இடுப்பைப் பாருங்க." எதிரணி ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதையே மறந்து தன் குரலில் பெருமை ஏறுவது அவருக்கே கேட்டது.

"கோச், அந்தக் கடைசித் துண்டை இன்னொரு தடவை போடுங்க," என்றான் டேமரியன். தடுப்பாட்டத்தின் தலைவன் அவன். நோரீன் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன்.

லைல் போட்டார். டேமரியன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். "பாருங்கடா. அடி வாங்கினதுக்கப்புறம் இடது கையை மேல தூக்கவே மாட்டேங்கறான். விலாவுல என்னமோ ஆயிருக்கு. எறியத் திரும்பும்போது அவனுக்கு இடது பக்கம் கண்ணும் தெரியாது. நாம அந்தப் பக்கமா ஆளை அனுப்பினா..." பாதியில் நிறுத்தித் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா கோச்?"

விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

"தெரியும்."

"அப்ப வாரம் பூரா ஏன் எங்களை அவனோட வலது பக்கமே பாயச் சொல்லிப் பழக்கினீங்க?"

லைல் திகைத்துப்போனார். அப்படியா பழக்கினோம்? யோசித்துப் பார்த்தால், அப்படித்தான். அவருக்குத் தெரியாமலேயே அவர் வாய் வேறொரு ஆளாக இருந்து உத்தரவு போட்டிருக்கிறது.

"நீ சொல்றதுதான் சரி," என்றார். "இடது பக்கமா ரெண்டு பேர் போங்க. சுத்தமா அடிங்க. விசிலுக்கப்புறம் எவன் விரலாவது அவன்மேல பட்டா, மிச்ச ஆட்டம் பெஞ்சுலதான்."

படத்தை அணைக்கிற பொத்தானை விரல் தேடிக்கொண்டே இருந்தது.

வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், சாவியைத் திருகாமல் ஃபோனை எடுத்தார்.

"வெஸ், உன் இடது பக்கம் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுடா."

"அம்மா சொன்னாங்களா?"

"பசங்களே படத்துல கண்டுபிடிச்சுட்டாங்க."

"நான் கேட்டது அது இல்லப்பா."

"சொன்னா. அதை நான் பசங்ககிட்ட சொல்லல. ஆனா அவங்க கேட்டப்ப இல்லன்னும் சொல்லல." மூச்சை இழுத்துக்கொண்டார். "உங்க கோச்சுகிட்ட சொல்லிடு. இந்த ஒரு ஆட்டம் உக்காந்துக்கோ."

"என் இடத்துல நீங்க இருந்தா உக்காருவீங்களா?"

லைல் சாவியை உருவி மடியில் போட்டார். மறுமுனையில் வெஸ்லி சிரிக்க ஆரம்பித்து, வலியில் பாதியிலேயே அடக்கிக்கொண்டான். "உங்க டீம் எந்தப் பக்கம் வரும்னு இப்ப எனக்கே சொல்லிட்டீங்களே, தெரியுதா? நாளைக்கு அவங்க முகத்துல எப்படிப்பா முழிப்பீங்க?"

மறுநாள் பயிற்சிக்கு முன்பே டேமரியனை ஓரமாக அழைத்துப்போனார். பனியில் நனைந்த புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து அவனுக்கு ஃபோன் பண்ணேன். ஆடாதேன்னு சொல்லத்தான் பண்ணேன். ஆனா நீங்க இடது பக்கம் வருவீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னை மாத்தணும்னா மேலிடத்துல போய்ச் சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

டேமரியன் தலைக்கவசத்தைக் கையில் உருட்டினான். அவன் கோபமாக இருக்கிறான் என்பது தாடையில் தெரிந்தது.

"எங்கம்மாவும் ஃபோன் பண்ணித்தான் இருப்பாங்க," என்றான். "ஆனா கோச், எங்களுக்கும் நீங்க ஒரு ஆள்தான் இருக்கீங்க." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினான். "தெரிஞ்சுபோச்சுல்ல? ஆடறதா இருந்தா அவன் ஆடட்டும். நாங்க அங்கதான் வருவோம்."

சனிக்கிழமை வெஸ்லி ஆட வந்தான். சட்டைக்குள் விலாவுக்கு வைத்துக் கட்டியதில் இடது பக்கம் மட்டும் தடித்துப் புடைத்திருந்தது. கோட்டோரத்தில் நின்ற தகப்பனை அவன் பார்க்கவில்லை. நோரீன் இரண்டு கல்லூரியின் நிறமும் இல்லாத சாம்பல் மேலங்கியோடு, பார்வையாளர் படிக்கட்டில் உட்காராமல் நின்றாள்.

முதல் பந்திலேயே டேமரியன் இடது பக்கமாகப் பாய்ந்தான். வெஸ்லிக்குத் தெரியும். தெரிந்தும் நகரவில்லை. கடைசி நொடிவரை காலை ஊன்றி நின்று, அடி விழுகிற அதே கணத்தில் பந்தை விட்டான். பந்து சுழன்றபடி, தூசி படிந்த வெளிறிய வானத்தில் உயரமாகப் போனது. அரங்கம் மொத்தமும் தலையைத் தூக்கி அதன் பின்னாலேயே போயிற்று. கோட்டோரத்தில் ஒருவரும் மேலே படிக்கட்டில் ஒருத்தியும் மட்டும், பந்து எங்கே போகிறது என்று பாராமல், புல்லில் ஒன்றாகக் குவிந்து கிடந்த இரண்டு உடம்புகளில் எது முதலில் அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.