கழுவாதவருக்கு வழி இல்லை

"குளிக்கறத யாரு பாக்க வர்றா? அத வெட்டிடு" என்றான் அண்ணன்.

அவள் பொருள் அறையில் உட்கார்ந்து ரப்பர் உடைகளின் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நச்சுப் பொருள் கசிந்தால் உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடை அது. தலை முதல் கால் வரை மூடும்; ஊசித்துளை ஒன்று இருந்தாலும் போட்டும் பிரயோஜனமில்லை. அந்த ரசாயனத் தொழிற்சாலையின் ஆட்களுக்கு அந்த உடையோடு வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். தொழிற்சாலைக்கு மேலாளர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"ஒத்திகை பாக்க வர்ற முதலாளி கொஞ்ச நேரம்தான் இருப்பாரு. கசியுது, ஓடறாங்க, அடைக்கறாங்க, விழுந்தவனத் தூக்கிட்டு வர்றாங்க. கைதட்டல். முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தனா நிக்க வெச்சு தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா அவரு கொட்டாவி விடுவாரு."

"விடட்டும். கொட்டாவி விட்டு யாரும் செத்ததில்ல."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிரு. அடுத்த வருஷமும் உன்ன வெச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நான்தான். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இல்லாமலா போகும்? இடுப்பு எலும்பு முறிந்து புருஷன் வீட்டில் படுத்திருக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தான். அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"கழுவாம ஒருத்தரும் வெளிய வர முடியாது. நீ என்ன வெச்சுக்கிட்டாலும் சரி, தொரத்தினாலும் சரி."

வெட்டிவிடவாம்! உள்ளே போகக் கற்றுக்கொடுப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? ஓடுவதற்கு யாருக்குத்தான் தெரியாது? வெளியே வரக் கற்றுக்கொடுப்பதில்தான் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது. போன வருஷம் இதே தொழிற்சாலையின் அமிலக் கிடங்கில் வழுக்கி விழுந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வாசலில் நின்ற கூட்டம் அவர்களைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது. கட்டிப்பிடித்தவர்களுக்குத்தான் தோல் உரிந்தது. அதற்குப் பிறகுதான் அவளையே வரவழைத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இவனுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கிறது.

அவள் பயிற்சி கொடுத்த குழுவில் ஆறு பேர். வரும் திங்கட்கிழமை முதல் கிடங்கில் எது நடந்தாலும் முதலில் போகவேண்டியவர்கள் இவர்கள். கசிவைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் போன எதுவும், கையுறையோ செருப்போ தலைமயிரோ, கழுவும் வரை விஷம்தான். வெளியே வர ஒரே ஒரு வழி. அந்த வழியில் தண்ணீர்க் குழாயோடு ஒருவர் காவல் நிற்பார். கழுவி, உடையைக் கழற்றிய பிறகுதான் விடுவார்.

அந்தக் காவலுக்கு அவள் குழுவிலிருந்த, பீப்பாய் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரை நிறுத்தினாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனிதருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மேலாளரின் நிழல் தெரிந்தாலே எழுந்து நிற்கிற பேர்வழி.

"டீச்சரம்மா, சார் தும்மினாலே இவரு வழி விட்டுடுவாரே" என்றான் ஒருவன்.

"அதனாலதான் அவர நிறுத்தறேன். அவரு நின்னாதான் நீங்க தயார்னு சொல்லுவேன். இல்லேன்னா திங்கட்கிழமை யாரும் கிடங்குப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியாது."

ஓட்டுநர் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள ஏதாவது சாக்கு கிடைக்குமா என்று தேடுகிற முகம் அது.

ஒத்திகை முற்றத்தில் நடந்தது. பீப்பாயில் அமிலத்துக்குப் பதில் மஞ்சள் சாயத் தண்ணீர். மயங்கி விழுந்தவனாக நடித்த கணக்குப் பிரிவுக்காரன் உண்மையிலேயே தூங்கிவிட்டான். குழு உள்ளே போனது, பீப்பாயை அடைத்தது, குறட்டை விட்டவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் குழாயடிப் பக்கம் கொண்டுவந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்தார்கள். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார்.

அவ்வளவுதான், அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிவப்புக் கயிற்றை ஒரே தாண்டாகத் தாண்டினான். முன்னால் வந்தவனின் கையுறையைப் பிடித்துக் குலுக்கினான், தோளில் தட்டினான், அவனை மார்போடு அணைத்துக்கொண்டு புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு முதலாளியிடம் பாராட்டு வாங்கக் கையை நீட்டிக்கொண்டே வழிக்கு வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள்.

ஓட்டுநர் குறுக்கே நின்றார்.

"சார், கை" என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

"என்னய்யா?"

"கழுவணும் சார்."

"இது சாயத் தண்ணி. நகரு."

ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் மலையாக நிற்பார். ஆனால் அவள் சொன்னதற்காக நின்றால் அது எதற்கு ஆகும்? கிடங்கில் நிஜமாகக் கசியும்போது அவள் எங்கே இருப்பாளோ! உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"காது கேக்கலயா? நகரலேன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நாளைக்கு வரல சார். இன்னைக்கு இந்த வழி எங்கிட்ட இருக்கு. கைய நீட்டுங்க."

மற்ற ஐந்து பேரும் கயிற்றைத் தாண்டாமல் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "உன் ஆளுங்க கிட்ட சொல்லு."

"சொல்லித்தான் கொடுத்திருக்கேன், பாத்தியே. அவரு நாளைக்கு வரலேன்னா நானும் வரல. அது நாளைக் கதை. இப்ப உன் சட்டையப் பாரு. அது நெசமான அமிலமா இருந்தா, இதே சட்டையோட வீட்டுக்குப் போயி பாப்பாவத் தூக்குவே. அவ எனக்கு மருமக. என் மருமகமேல அத ஒட்ட விடமாட்டேன். நீ அண்ணனா இருந்தாலும் சரி, ஆண்டவனா இருந்தாலும் சரி."

அண்ணன் உதவிக்கு முதலாளியைப் பார்த்தான். கை குலுக்கத் தயாராக நீட்டியிருந்த முதலாளி, தன் கையை மெல்ல இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அதற்கு மேல் போவதற்கு இடமில்லை. அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினான். ஓட்டுநர் குழாயைத் திறந்தார்; அவசரப்படாமல், விரல் இடுக்கு விடாமல் கழுவினார்.

"உன் வேலை போச்சுன்னு வெச்சுக்க" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெச்சுக்கிட்டேன். சட்டையக் கழட்டு" என்றாள் தங்கை.